சம்மட்டி ஓங்கிய கையைக் கடித்தவள்

அரிவாளும் மண்வெட்டியும் கடையிலேயே முளைக்கின்றன என்பது என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் எண்ணம். அதைப் போக்கத்தான் பதினெட்டுப் பேரையும் ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒரு சிறுமி என் சுண்டுவிரலை விடவே இல்லை. அவள் அம்மா போன சீசனில் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் செத்துப்போனாள். இறுகிப்போன வெடிமருந்தை எவனோ இரும்புக் கம்பியால் தட்டியிருக்கிறான். பொறி பறந்து அறையே போய்விட்டது. துணியில் சுற்றி வந்ததைத் திறந்துகூடக் காட்டவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று நானும் அழுதவள்தான்.

பட்டறையில் வேலை செய்தது ஒரு கணவனும் மனைவியும். கணவர் உலையிலிருந்து செக்கச்செவேலென்று இரும்பைக் குறட்டால் எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தார். மனைவி சம்மட்டியை ஓங்கி இறக்கினார். பொறி கூரைவரை சிதறியது. "பாருங்க, இதுதான் அரிவாளாகப் போகுது!" என்று உற்சாகமாகக் கத்தினேன்.

அடுத்த அடிக்குச் சம்மட்டி மேலே போனபோது சிறுமி என் விரலை உதறிவிட்டுப் பாய்ந்தாள். அந்த அம்மாளின் கையில் தொங்கி, பல் பதியக் கடித்தாள்.

"இரும்ப இரும்பால அடிக்காதீக! எல்லாரும் ஓடுங்க!"

சம்மட்டி விழுந்து தண்ணீர்த் தொட்டி உடைந்தது. பழுத்த இரும்பு தரையில் உருண்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

எனக்கு முன்கோபம். மானம் போயிற்று என்று அவளை இழுத்துக் கன்னத்தில் அறைந்தேன். ஒன்றல்ல, இரண்டு. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "நாயா நீ, கடிக்கிறே?" என்றேன்.

அவள் அழவில்லை. "டீச்சர், நீங்களும் ஓடுங்க" என்றாள்.

அந்த அம்மாள் ரத்தம் சொட்டும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்றார். "இன்னொருக்கா பிள்ளை மேல கை வச்சீக, நடக்கிறதே வேற. யாரு வீட்டுப் பிள்ளை இது?"

அவள் அம்மா செத்த விதத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் குனிந்து சிறுமியின் உதட்டைத் துடைத்துவிட்டார். "அன்னைக்கு அங்கன ஒருத்தியாச்சும் இப்பிடிக் கடிச்சிருந்தா இவ ஆத்தா இருந்திருப்பா. இங்கன மருந்து கிடையாது தாயி. வெறும் இரும்புதான்."

அதை நானல்லவா பட்டறை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும்? அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை என்று ஒரு வாரம் பாடம் நடத்தினேன், பாவி, இந்த ஒன்றைச் சொல்லவில்லை.

திரும்புகையில் சுண்டுவிரலை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் வரைக்கும் என் கை எட்டாத தூரத்திலேயே நடந்து வந்தாள்.