ஆள் தூக்கக் கற்றுத்தரும் பாண்டீஸ்வரி

கட்டிலில் கல்லாகக் கிடக்கிறார் பாண்டீஸ்வரி. வயது ஐம்பத்தொன்று, எடை எழுபத்தெட்டு கிலோ. கண் மூடியிருக்கும், வாய் மூடியிருக்காது. புதிதாகப் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் அவருடைய அக்குளில் கைகொடுத்து இழுக்கிறார்கள்.

"என்னத்தா, நெல்லு மூட்டையா ஏத்துறீக? மூட்டைக்குத் தோள்பட்ட கெடையாது. எனக்கு இருக்கு."

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு ஹால். படுத்த படுக்கையானவர்களைப் புரட்டவும், உட்காரவைக்கவும், நாற்காலிக்கு மாற்றவும் அங்கே பத்து நாள் பயிற்சி. நோயாளி வேடம் எப்போதும் பாண்டீஸ்வரிக்குத்தான். பொம்மை வைத்துச் சொல்லித்தரும் இடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "பொம்மைக்கு எலும்பு முறிஞ்சா எவன் கேக்கப் போறான்?" என்பார்.

இந்த ஏளனத்திலிருந்து தப்பியவர் யாருமில்லை. கட்டில் சக்கரத்தைப் பூட்டாமல் ஆளைத் தூக்குகிறவர்கள், 'எங்க வீட்டுல எல்லாருமே நல்லாத் தூக்குவோம்' என்கிற மருமகன்கள், தன்னுடைய இடுப்பு உட்பட. பத்தொன்பது வருஷம் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது ஒற்றை ஆளாகத் தூக்கித் தூக்கி முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது. சேலைக்கு மேல் கட்டியிருக்கும் பெல்ட்டைத் தட்டிக் காட்டி, "வீரம் காட்டுனதுக்கு டாக்டரு குடுத்த மெடலு" என்பார்.

அவரிடம் பயின்ற கல்லல் ஊர்க்காரி ஒச்சம்மாளுக்குப் போன ஆவணியில் கொத்தமங்கலத்தில் வேலை கிடைத்தது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடு. உள்ளே பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்ட ஏகப்பன். வயது எண்பது. நாலு கேமரா இருந்தது, தூக்க இரண்டாவது ஆள் இல்லை. மகன் நாராயண் சிங்கப்பூரில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஏகப்பனின் வலது தோள் மூட்டு நழுவியது. நாராயண் பறந்து வந்தார். ஒச்சம்மாள்தான் காரணம், போலீஸில் எழுதிக்கொடுக்கப் போகிறேன், கேமராவில் எல்லாம் இருக்கிறது என்றார்.

பாண்டீஸ்வரி ஒச்சம்மாளையும் இழுத்துக்கொண்டு கொத்தமங்கலம் பஸ் ஏறினார்.

நாராயண் செல்போனை நீட்டினார். ஒச்சம்மாள் ஏகப்பனின் வலது கையைப் பிடித்து இழுப்பது பளிச்சென்று தெரிந்தது.

"இதுதான் நீங்க சொல்லிக்குடுத்த லட்சணமா?"

பாண்டீஸ்வரி இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். இழுப்பதற்கு முன்னால் ஒச்சம்மாள் கேமராவை அண்ணாந்து பார்க்கிறார். உதடு அசைகிறது.

"சத்தத்தக் கூட்டுங்க சார்."

"சத்தம் எதுக்கு?"

"கூட்டுங்கன்னா கூட்டுங்க."

கூட்டினார். "ஒத்த ஆளா முடியாதுங்கய்யா, யாரையாச்சும் வரச் சொல்லுங்க" என்றது ஒச்சம்மாளின் குரல். கேமராவிலிருந்தே பதில் வந்தது, நாராயணின் குரலில்: "எதுக்கு இன்னொரு ஆளு? கையப் புடிச்சு இழுங்க. சீக்கிரம், எனக்கு மீட்டிங் இருக்கு."

நாராயண் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாலு கேமரா மாட்டியிருக்கீக," என்றார் பாண்டீஸ்வரி. "அதுல ஒண்ணுக்காச்சும் கை இருக்கா?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியாதத இம்புட்டுச் சத்தமாச் சொல்ல ஒங்களாலதான் முடியும். இவ மேல தப்பில்லன்னு இப்பவே எழுதிக் குடுங்க. நாளையிலருந்து ரெண்டு ஆளு. இன்னைக்கு ரெண்டாவது ஆளு நீங்கதான்."

நாராயண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒச்சம்மாள் மூக்கை உறிஞ்சத் தொடங்க, பாண்டீஸ்வரி அவர் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்னத்துக்கு அழுகுற? முடியாதுன்னு வாயால சொன்ன. பெறகு கை எதுக்கு இழுத்துச்சு? வேல போனாப் போகுது, முடியாதுன்னா முடியாதுதான்."

ஏகப்பனை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. கட்டுப்போட்ட தோளுக்கு அணைவாக ஒரு தலையணையை வைத்துவிட்டு, நாராயணைக் கட்டிலின் அந்தப் பக்கம் நிறுத்தினார் பாண்டீஸ்வரி. மனிதர் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு அவசரப்பட்டார்.

"அப்பச்சிக்கு ஒண்ணும் வெளங்காதுங்க. நீங்க ஆரம்பிங்க," என்று அப்பாவைக் காட்டிச் சொன்னார்.

பாண்டீஸ்வரி அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஏகப்பனின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஐயா, ஒங்கள எடது பக்கமாப் பொரட்டப் போறோம். தொடலாமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இரண்டு கைகளும் ஏகப்பனின் மேல் படாமல் அந்தரத்தில் நின்றன. நாராயண் தொண்டையைச் செருமினார், கடிகாரத்தைப் பார்த்தார். விரிப்பின் மேல் கிடந்த இடதுகைச் சுட்டுவிரல் நடுங்கி நடுங்கி மேலே எழும்வரை பாண்டீஸ்வரியின் கைகள் இறங்கவில்லை.