இரண்டாம் தரத்துக்குப் பிறகு

அந்துருண்டை வாசனை எங்கே வந்தாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அண்ணனின் சட்டையில் அது குடியிருந்தது. அடுத்தவர் வீட்டுப் பீரோக்களைத் திறந்து திறந்து ஒட்டிக்கொண்ட வாசனை. போன வருஷம் அவரோடு அதுவும் போயிற்று.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில், கிணறு வற்றிய வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா போனதும் படிப்பை விட்டுச் செங்கல்பட்டு ஏலக் கடைக்குச் சாமான் தூக்க வந்தார். என் கல்யாணம் அந்தத் தோளில்தான் நடந்தது. அண்ணன் சேர்ந்தபோதே அது கைமாறிய கடை. ஆரம்பித்த வெள்ளைக்காரர், ஊர் திரும்புகிறவர்களின் நாற்காலிகளை விற்று விற்று, கடைசியில் தானும் கப்பலேறினார். அவரிடமிருந்து கடையை வாங்கிய பாய்தான் அண்ணனை ஏலம் கூவ வைத்தவர்.

இரண்டாம் தரம் சொன்னதும் அண்ணன் நிறுத்துவார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இரு, இன்னும் யாராச்சும் கேப்பாங்க" என்பார். விற்க வருகிறவர்கள் நொடித்துப்போனவர்கள். அந்த நிமிஷத்தில்தான் அவர்களுக்கு நாலு காசு கூடும்.

பாய் இறந்தார். கடையைக் கட்டடத்தோடு ஏலத்துக்கு விட்டார் அவர் மனைவி. அண்ணனுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு உலகமில்லை. அண்ணியின் நகைகள் அடகுக்குப் போயின. அண்ணியின் தம்பி எங்களுக்காகக் கேட்பதென்று பேச்சு. அண்ணன் மறைக்கவில்லை, பாயின் மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். "உன் கைக்கு வந்தா எனக்கு நிம்மதிப்பா" என்றார் பாய் அம்மா.

அன்றும் கூவியது அண்ணனே. ஒவ்வொருவராக ஒதுங்க, அண்ணனின் மைத்துனர் கேட்ட விலைதான் நின்றது. ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவதைச் சொல்லியிருந்தால் கடை எங்களுடையது. அண்ணன் துண்டை எடுத்தார். பின்னாலிருந்து பட்டணத்து மர வியாபாரி ஒருவர் கையைத் தூக்கினார். அதற்கு மேல் போக எங்களுக்கு வக்கில்லை.

"உன் வாயாலயே வுட்டுட்டியே மாமா" என்றார் மைத்துனர், வாசலில்.

"பாய் அம்மாவுக்குக் கட்டிக் குடுக்க ரெண்டு பொண்ணு கீதுடா" என்றார் அண்ணன். பிறகு அந்தத் தெருப் பக்கமே அவர் போகவில்லை.

கடை மரக் கிடங்காயிற்று. அண்ணன் புதுப்பட்டினம் கரையில் மீன் ஏலம் கூவினார். அங்கும் நிறுத்துவார். "அண்ணாத்த, நீ மூஞ்சி தொடைக்கறதுக்குள்ள மீனு நாறிடும்" என்று கரையில் கேலி. சிரித்துக்கொள்வார். அந்த ஈரக்காற்றில் பிடித்த இருமல் அவரை விடவேயில்லை.

தன் வீட்டில் வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மைத்துனருக்கும், கட்டிலோடு தூக்கி வண்டியேற்றிய கரை ஜனங்களுக்கும், கட்டிக்கொடுத்த மகள்களோடு வந்து கால்மாட்டில் அழுதுவிட்டுப் போன பாய் அம்மாவுக்கும், திருப்பிக் கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. எழுதிய இந்த ஒரு பக்கத்தைத் தவிர.

நான் கடைசியாகப் பார்த்தபோது பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. போய்ட்டு வரேன் என்று இரண்டு முறை சொன்னேன். மறுபடி சொல்ல வாயெடுத்தேன். தலைமாட்டில் துண்டைத் துழாவி எடுத்து, மெல்ல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இரு பாப்பா. இன்னும் யாராச்சும் கேப்பாங்க."