பல் டாக்டரின் பக்கம்

பேய்க் கதை படித்துவிட்டு விளக்கை அணைக்கப் பயப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் இது எனக்கு நடந்தது. ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அக்கா வீட்டு மாடி அறையில் ஞாயிறுதோறும் ஒரு கூத்து. தொப்பை விழுந்த ஐந்து ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களை வீரர்களாகக் கற்பனை செய்துகொண்டு, பகடை உருட்டி இல்லாத அரக்கர்களை வெட்டுவார்கள். கதையை நடத்துவது அத்தான். ஆறு மாதம் வெட்டியதில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று அவர்களுக்கே குழம்பிவிட்டது.

"ஒரு விக்கி போட்டுக் கொடும்மா. நீதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே" என்றார் அத்தான்.

விக்கி என்றால், எல்லாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கங்கள். வீரனுக்கொரு பக்கம். பெயர், பலம், பலவீனம். அக்கா முகத்துக்காகப் போனேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் தன் மந்திரவாதியின் செருப்பைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் அளந்தார். வக்கீல் தன் இளவரசனுக்குக் கொடியிடை என்றார். வக்கீலின் இடுப்பைப் பார்த்தேன். அப்படியே எழுதிக்கொண்டேன். வாத்தியார், செத்துப்போன தன் குதிரைக்காகக் கண் கலங்கினார். இல்லாத குதிரை!

மூலையில் பல் டாக்டர். அவர் மட்டும் பேசவில்லை. அக்கா வைத்த காபியைத் தொடவுமில்லை.

"டாக்டர், உங்க வீரன் பேரு?"

"பேரு..." என்றார்.

"வயசு?"

"வயசு..."

சரியான மண்டு என்று நினைத்துக்கொண்டேன். "நீங்களே எழுதிக்குங்க" என்று லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன்.

ஆட்டம் தொடங்கியது. மற்றவர்கள் உருட்டினால் பகடை கடகடவென்று ஓடியது. அவரும் உருட்டினார்... சத்தமே இல்லை.

ஒருவரும் கவனிக்கவில்லை. இந்தக் கூட்டம் எதைத்தான் கவனித்தது!

மணி மூன்று பத்து. லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். அவர் பக்கம் நிறைந்திருந்தது.

தொழில்: பல் மருத்துவர். மகள்கள் இருவர். பயம்: ஆழமான தண்ணீர். பலவீனம்: இடது மார்பில் வலி, மனைவிக்குத் தெரியாது.

சிரிப்பு வந்தது. வீரனைப் பற்றி எழுதச் சொன்னால் தன் சொந்தக் கதையையே எழுதி வைத்திருக்கிறது, படித்த மனுஷன்!

நிமிர்ந்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?"

உதடு அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வந்தது...

பட்டென்று லேப்டாப்பை மூடினேன். கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை, என் பயத்தை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது. நேராக அவர் கிளினிக்குக்குப் போனேன். அதே முகம். அதே மூக்குக்கண்ணாடி.

"டாக்டர், நேத்து உங்க வீட்டு விஷயத்தையெல்லாம் எழுதிட்டீங்க. மத்தவங்க படிக்கிறதுக்குள்ள அழிச்சிடட்டுமா?"

திருதிருவென்று விழித்தார். பக்கத்தைக் காட்டினேன். படிக்கப் படிக்க, அவர் கை தானாக இடது மார்புக்குப் போனது.

"இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே..."

"நீங்கதானே எழுதினீங்க?"

"நான் அங்க விளையாடினதே இல்லைம்மா."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி, முதல் நாள், கூப்பிட்டாங்கன்னு போனேன். கொஞ்சம் லேட். மாடிக் கதவு திறந்திருந்துச்சு. உள்ள எட்டிப் பார்த்தேன்..."

கிளினிக் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மூலையில நான் உட்கார்ந்திருந்தேன்."

...

"உங்க அத்தானும் நானும் இருபது வருஷப் பழக்கம். எழுந்து வந்து என்னை மேலயும் கீழயும் பார்த்தார். 'நீங்க யாரு?'ன்னு கேட்டார்."

"அப்புறம்?"

"கதவைச் சாத்திட்டார்."