மன்மதன் எரிந்த படமும் கலைச்செல்வியின் போனும்

1. மறைத்த படம்

“அண்ணே, நீங்க போட்ட படத்த மறைச்சு வச்சிருக்காங்க. மறைக்கிற அளவுக்கு எங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு?”

கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்யும் கலைச்செல்வி போனில் அலறினாள். நான் அப்புத்தளை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு பதுளை ரயிலுக்குக் காத்திருந்தேன்.

முந்தின ராத்திரி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிக்கும் கதை. அவள் கணவன் செல்வராஜ்தான் மன்மதன். தீப்பந்த வெளிச்சம், வைக்கோல் புகை, கண்மூடிக் கிடக்கும் செல்வராஜ், மாரில் அடித்து அழும் ரதி. ஷட்டரை விடாமல் அழுத்தினேன். அப்படி ஒரு ஃபிரேம்! காலையில் ‘மன்மதன் எரிந்த நேரம்: செல்வராஜ்’ என்று எழுதி இணையத்தில் என் ஸ்டூடியோ பேஜில் போட்டேன்.

பேஜை நடத்த இடம் தரும் கம்பெனிக்காரர்களுக்கு எது கூத்து, எது கொலை என்று எப்படித் தெரியும்? ‘வன்முறைக் காட்சி’ என்று படத்தின் மேல் திரை போட்டுவிட்டார்கள்.

“அது வேஷம்மா. திறந்து பாரு, தெரியும்.”

“தெறக்கப் போனா காணோம்ணே! தூக்கிட்டாங்க. நெஜமாவே தீ புடிச்சிருச்சா? அவர் போனும் ஓஃப்ல இருக்கு.”

பார்த்தேன். படம் இல்லை. ‘செல்வராஜ் நலம்’ என்று போடலாமென்றால் பேஜையும் முடக்கிவிட்டார்கள். அப்பீல் பட்டனை அழுத்தினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்று வந்தது. அதற்குள் படத்தைப் பார்த்த இன்னொருவர் பெரகலயிலிருந்து அழைத்து, “சவ எடுப்பு எப்போங்க?” என்று கேட்டார்.

ரயிலை விட்டேன். ஆட்டோவைப் பிடித்தேன்.

2. பீலியில் மன்மதன்

தோட்டத்து லயத்தில், அவன் வீட்டில் செல்வராஜ் இல்லை. தண்ணீர் கொட்டும் பீலியடியில் துண்டோடு நின்று அரிதாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பாதி இன்னும் ரோஸ் நிறம்.

“யோவ், நீ செத்துட்டியாம்யா! ஓடி வா!”

பீலியடியில் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஓடினோம். ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நான். என்ன விஷயமென்று தெரியாமலே லயத்துச் சனம் பாதி கூட ஓடி வந்தது. வீடியோ கோல் போட்டேன்.

திரையில் அவன் முகத்தைப் பார்த்ததும் கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

“போன ஓஃப் பண்ணிட்டு குளிப்பு ஒரு கேடா?”

“சார்ஜ் இல்ல புள்ள…”

“கையக் காட்டுங்க. காலக் காட்டுங்க. திரும்புங்க!”

அத்தனை பேர் முன்னாலும் மன்மதன் துண்டோடு ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். மேடே சிரிப்பில் அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சில நாள் கழித்து, விதிமீறல் எதுவுமில்லை என்று படத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். அப்பீல் பண்ணுங்கள், சண்டை போடுங்கள், விடாதீர்கள். ஆனால் படத்தில் இருப்பவரின் வீட்டு ஆளுடைய நம்பரையும் கையில் வைத்திருங்கள். கம்பெனிக்காரன் படத்தைத்தான் எடுப்பான். அது கிளப்பிவிட்ட பயத்தை எடுக்க நாம்தான் ஓட வேண்டும்.