நூலளவு தண்ணீர்

எண்பதுகளின் பிற்பகுதியில் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு பழைய வீட்டில் நாங்கள் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தோம். குளியலறை மேல்மாடியில். அதற்கு நேர் கீழே அண்ணையின் அறை. அண்ணை என்றால் உடன்பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அகதியாக வந்தவர். மனைவியையும் நாலு வயது மகளையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நானோ மூன்று குளிர்காலம் கண்டவன். அந்த மூன்று குளிர்காலத்தையும் ஏதோ பட்டம் வாங்கியதைப் போலத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பனி விடாமல் கொட்டிய ஒரு கிழமை. இரவு ஷிப்டுக்குப் புறப்படும்போது அண்ணை சொன்னார்: "தம்பி, குளிர் கூடக் கிடக்கு. குளியலறைப் பைப்பை இறுக்கிப் பூட்டிப் போடாதையும். நூல் மாதிரி ஓடட்டும். ஓடுற தண்ணி லேசிலை உறையாதாம். வேலையிலை ஒரு வெள்ளைக்காரன் சொன்னவன்."

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் போன பிறகு அந்தத் தண்ணீர் சும்மா ஓடுவது என் கண்ணை உறுத்தியது. கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வராது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. ஆனால் பழியை அதன்மேல் மட்டும் போட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று வந்தவர் எனக்கு லண்டன் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரே என்ற எரிச்சலும் இருந்தது. குழாயை இறுக்கிப் பூட்டினேன்.

காலையில் குளியலறையில் ஒரு சொட்டும் வரவில்லை. வேலையால் வந்த அண்ணை குழாயைப் பிடித்துப் பார்த்தார். அது முழுக்கப் பூட்டியிருந்தது.

"வெளிக்கிடேக்கை முகம் கழுவினனான். பழக்கத்திலை நான்தான் பூட்டிப்போட்டன் போலை" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தலைமயிர் உலர்த்தும் மெஷினைத் தேடி எடுத்து வந்தேன்.

குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அந்தப் பக்கமிருந்தே தொடங்கினோம். அண்ணை துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பைப்பில் சுற்றினார். நான் சூடான காற்றைப் பிடித்தேன். அரை மணி நேரத்தில் குழாய் இருமிக்கொண்டு தண்ணீரைத் துப்பியது. இருவரும் சிரித்தோம். அப்போதுதான் கீழே ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

உறைந்தபோதே தரைப் பலகைக்கு அடியில் பைப் வெடித்திருக்கிறது. அதுவரை ஐஸே அடைப்பாக நின்றிருக்கிறது. நாங்கள் உருக்கியதும் தண்ணீர் கொட்டியது.

"மெயின் பைப் எங்கை பூட்டுறது?" என்று அண்ணை கத்தினார். மூன்று குளிர்காலம் கண்டவனுக்குத் தெரியவில்லை. அவரே குசினிக்கு ஓடி, சிங்குக்குக் கீழே அரிசி மூட்டைக்குப் பின்னால் கண்டுபிடித்துப் பூட்டினார்.

அதற்குள் அவருடைய அறையின் சீலிங் ஊறி, கட்டிலின்மேல் விழுந்துவிட்டது. அடுத்த கிழமை குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நடக்கவிருந்த அகதி நேர்முகத்துக்காகத் தன் கடதாசிகளை அந்தக் கட்டிலில்தான் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். இராணுவ முகாமிலிருந்து அவரை விடுவித்ததாகப் பேனாவால் எழுதி, ஊதா முத்திரை குத்திய துண்டும் அதில் இருந்தது. அவர் பிடிபட்டிருந்தார் என்பதற்கு அவரிடமிருந்த ஒரே அத்தாட்சி. கடையில் யாரிடமும் கொடுக்கப் பயந்து அதைப் படி எடுக்காமலே வைத்திருந்தார். மற்றவற்றை ஹீட்டரில் காயப்போட்டு மீட்டோம். அந்தத் துண்டில் நீலக் கறைதான் மிஞ்சியது.

"உமக்கு இங்கிலீஷ் வரும். நேர்முகத்திலை குடுக்க நடந்ததை எழுதித் தாரும்" என்றார் அண்ணை. நான் எழுதினேன். 'குழாயைத் தவறுதலாக மூடியவன் நானே' என்று, அவர் பெயரில் எழுதினேன். தமிழில் வாசித்தும் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான்.

அவருக்கு முடிவு வர வருடங்கள் ஆகின. அந்தத் துண்டு இல்லாததால்தான் இழுபட்டதா என்று எனக்குத் தெரியாது. யாரும் காரணம் சொல்லவில்லை. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது மகளுக்குப் பதினொரு வயது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்நாள் இல்ஃபோர்டில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். குசினிக் குழாய் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைப் பூட்டப் போனாள்.

"விடு பிள்ளை, ஓடட்டும்" என்றார் அண்ணை. "அப்பா ஒருக்காப் பூட்டிப்போட்டுத்தான் நீ இவ்வளவு காலம் அப்பா இல்லாமல் இருந்தனி."

"பரவாயில்லை அப்பா" என்றாள் அவள்.

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்த மாமாதான் அப்பாவுக்கு அண்டைக்குக் கடிதம் எழுதித் தந்தவர்."

பிள்ளை என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் மாமா" என்றாள்.

நானும் பரவாயில்லை என்றேன்.