வரப்பில் உட்கார்ந்து ஏர் ஓட்டியவர்

அப்பாவுக்குப் பேச்சை வரவழைத்தது நான்தான் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் யாரும் மறுத்ததில்லை. பத்து வயதில் எனக்கிருந்த வாய்க்கு எதிர்வாய் கொடுக்க ஆளும் கிடையாது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெருமையில் பாதி எங்கள் செவலைக் காளைக்குச் சேர வேண்டியது. மீதியிலும் எனக்குப் பெரிய பங்கு இல்லை.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குப் பயிர் செய்த குடும்பம் எங்களுடையது. அந்த ஆவணியில், நாற்றங்காலில் விதை விட்ட நாலாம் நாள் காலை, பழைய சோற்றின் முன்னால் உட்கார்ந்த அப்பா கையிலிருந்த பச்சை மிளகாயைக் கீழே விட்டார். எடுக்கக் குனிந்தவர் அப்படியே வலது பக்கம் சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. வண்டி கட்டி நீடாமங்கலம் போய், அங்கே வாடகைக் கார் பிடித்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பன்னிரண்டு நாளில் உயிரோடு வீடு திரும்பினார். வலக்கையும் வலக்காலும் கூட வந்தன, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சு போயே போய்விட்டது. "அதான்" என்ற ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அதான்", எறும்பு கடித்தாலும் "அதான்", என்னைக் கூப்பிடவும் "அதான்". நாம் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகவே விளங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் சொன்னதை நான் வரி பிசகாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். "மருந்து பாதி, நீங்க பாதி. படுக்கையில போட்டு வைக்காதீங்க. கைகால நீட்டி மடக்கி விடுங்க. பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க."

டாக்டர் சொன்னதில் அத்தைக்கு நம்பிக்கை இல்லை. அத்தை அப்பாவுக்கு அக்கா. சேதி கேட்டதும் ஒரு கூடையில் மூன்று புறாக்களோடு வந்து இறங்கினாள். வாதத்துக்குப் புறா ரத்தத்தைச் சூடாகத் தேய்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். இரண்டு புறா போயிற்று. அப்பா ரத்த விளாறாகப் படுத்துக்கொண்டு "அதான் அதான்" என்று அலறினார். மூன்றாவது புறா கூடையைத் தானே திறந்துகொண்டு பறந்துவிட்டது என்று நான் சொன்னதை அத்தை கடைசிவரை நம்பவில்லை.

புறா போனதும் என் பள்ளிக்கூடம் தொடங்கியது. அம்மா காலையும் மாலையும் நல்லெண்ணெய் தொட்டு கைகால்களை நீட்டி மடக்கி விடுவாள். வாய் என் பொறுப்பு. சிலேட்டும் குச்சியுமாக எதிரே உட்காருவேன். எங்கள் வாத்தியார் மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். ஒருநாள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணின்னு சொல்லுங்கப்பா, தரேன்" என்றேன். "அதான்" என்றார். "அதான் இல்ல, தண்ணி" என்றேன். அப்பா கண்ணில் நீர் முட்டியது. கொல்லையிலிருந்து வந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அறிவிருக்காடி ஒனக்கு? வாய் வராத மனுசனுக்குத் தண்ணிய காட்டியா பாடம் நடத்துவ?" என்று கேட்டுவிட்டு அவளே அழுதாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

இதற்கிடையில் எங்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த மிராசுதாரின் காரியஸ்தர் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு உடம்பு விசாரிக்க வந்தார். சென்னையில் ஆட்சி மாறியிருந்த காலம் அது. ஊரெல்லாம் சிவப்புக் கொடியும் இருவண்ணக் கொடியுமாகப் பறந்தன. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுதும் சட்டம் வந்த புதிது. பெயர் ஏறிவிட்டால் யாரும் நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அறுப்போடு நடையைக் கட்ட வேண்டியதுதான். சொந்தமாக உழுகிறவன் பெயர்தான் ஏறும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காரியஸ்தர் அப்பாவின் வலக்கையையே வெகுநேரம் பார்த்தார்.

"ஒடம்ப பாத்துக்கங்க. நெலத்த நாங்க பாத்துக்குறோம்" என்றார். வாசலில் இறங்கும்போது அம்மாவிடம், "கூலிக்கு ஆள வச்சு உழுதா அது ஒங்க சாகுபடி ஆவாது, தெரியுமில்ல?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

அம்மா வாழைப்பழத்தைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள். மறுநாள் விடியலில் அதே மாடுகளை அவிழ்த்து ஏர் பூட்டக் கிளம்பிவிட்டாள்.

அத்தை பதறிப்போனாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் நடலாம், களை பறிக்கலாம், அறுக்கலாம், தலையில் சுமக்கலாம். மேழியை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் மழை பொய்க்கும் என்பார்கள். "ஊரு காறித் துப்பும்டி!" என்றாள் அத்தை. "துப்பட்டும் அண்ணி. நாத்து முத்திப்போனா துப்புறவங்களா வந்து நடுவாங்க?" என்றாள் அம்மா. அத்தை விறுவிறுவென்று போய், யாராவது வருகிறார்களா என்று பார்க்கப் பாதை முனையில் நின்றுகொண்டாள். எங்கள் வயல் ஊர்க்கடைசியில், ஆற்றங்கரை மூங்கில் மறைவில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஊருக்கு மறைக்கலாம், மாட்டுக்கு மறைக்க முடியுமா? மேழியைப் பிடித்திருப்பது வேறு ஆள் என்று செவலைக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. முதல் நாள் சேற்றில் ஜம்மென்று படுத்துக்கொண்டது. அம்மா கெஞ்சினாள், திட்டினாள், அடிக்கக் கை ஓங்கிவிட்டு அடிக்காமல் விட்டாள். கால் மா கூட உழ முடியவில்லை.

இரண்டாம் நாள், வீட்டில் தனியாக விட மனமில்லாமல், அப்பாவையும் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். வரப்பில் சாக்கு விரித்து உட்கார வைத்தோம். நான் சிலேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா ஏரைப் பூட்டி இரண்டு சுற்று வந்திருப்பாள். செவலை தலையைத் திருப்பி, பக்கத்து வயல் நாற்றங்காலைப் பார்த்து நடையைக் கட்டியது. அம்மாவையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

"டேய் செவல! எங்கடா போற? தோல உரிச்சிருவேன், கழுதப் பயலே!"

நான் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அப்பாதான். கணீரென்ற அதே பழைய குரல். செவலை நின்றது. காதை ஆட்டியது. ஒன்றும் நடக்காத மாதிரி, உழுதுகொண்டிருந்த படைச்சாலுக்குத் திரும்பி வந்தது. அம்மா மேழியை விட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், இல்லை, முதலில் ஆத்திரம்தான் வந்தது. பத்து நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். பேச்சு கிடைத்தது மாட்டுக்கு! "செவலன்னு சொல்லுங்கப்பா" என்று முகத்துக்கு நேரே போய்க் கேட்டேன். அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அதான்" என்றார். பழகிய வசவு மூளையில் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்குமாம், பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் போனோம். மேழி அம்மா கையில், மாடு அப்பா வாயில். வரப்பிலிருந்து அவர் அதட்ட அதட்ட ஆறு மாவும் உழுது முடிந்தது. உழவு முடிவதற்குள் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நாலு எட்டு வைத்தார். நடவு முடிவதற்குள் கோலை ஊன்றித் தனியாகவே மடைவரை போனார். அம்மா விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு நொண்டி நொண்டி நடந்தாள். யார் நோயாளி என்று அத்தை கேலி செய்வாள். வார்த்தைகளும் ஒவ்வொன்றாக வந்தன, ஆனால் இடம் மாறி வந்தன. சோற்றை வைக்கோல் என்றார். அத்தையை ஒருநாள் மயிலை என்றார். அது எங்கள் இன்னொரு மாட்டின் பெயர்.

ஐப்பசியில் பதிவு அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தண்டோரா போட்டார்கள். அம்மா ஏர் பிடித்த கதை வெளியே தெரியக் கூடாது, நிலமும் போகும், மானமும் போகும் என்று வீட்டில் முடிவாயிற்று. அதிகாரி கேட்டால் அப்பா ஒரே ஒரு வரி சொன்னால் போதும்: "நான்தான் சார் உழுவுறேன்." அந்த வரியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எழுந்தால் அது, உட்கார்ந்தால் அது. முதல் வாரம் "நா" மட்டும் வந்தது. கடைசி வாரம் முழு வரியும் பிசிறில்லாமல் வந்தது. அப்பா பாஸாகிவிடுவார் என்று ஊரெல்லாம் அடித்துச் சொல்லாத குறைதான்.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. வாத்தியார் நாற்காலியில் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் காரியஸ்தர். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, கோலை ஊன்றி, நிமிர்ந்து நின்றார். அம்மா இரண்டடி பின்னால் நின்றாள்.

"இவரு படுத்து மூணு மாசம் ஆச்சுங்க. யாரையோ வச்சு உழுதிருக்காங்க" என்றார் காரியஸ்தர்.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "நெலத்த யாருங்க உழுவுறது?"

நான் வாயசைத்துக் காட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "அதான்..." என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கோலை இடுக்கிக்கொண்டு இடது கையைத் தூக்கி, பின்னால் நின்ற அம்மாவைக் காட்டினார்.

"நா இல்ல... இவ. இவதான்... ஏரு."

"இல்ல சார்!" என்று நான் பாய்ந்தேன். "அவுங்களுக்கு வார்த்த மாறிப் போயிரும் சார்! சோத்த வைக்கோலும்பாங்க! நான்னுதான் சொல்ல வந்தாங்க!"

கூட்டம் சிரித்தது. "பொம்பள ஏர் புடிச்சாளாமே!" என்று காரியஸ்தரும் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கையை விரிக்கச் சொன்னார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. "நெசமாம்மா?"

அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஆமாங்க. மேழி நான் புடிச்சேன். அவுங்க வரப்புல ஒக்காந்து ஓட்டுனாங்க."

"குடும்பத்து ஆளு உழுதா போதும், சட்டமே அதான் சொல்லுது" என்று அதிகாரி காரியஸ்தரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். அப்பா பெயர் இருந்தது. கூடவே அம்மா பெயரும் இருந்தது. நாங்கள் இத்தனை நாள் விழுந்து விழுந்து மறைத்ததை மறைக்கத் தேவையே இருந்திருக்கவில்லை.

நிலம் தங்கிவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. ஆனாலும் என் மாணவர் எல்லார் முன்னாலும் தோற்றுப்போனதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது அப்பாவுக்குத் தோள் கொடுக்கவும் மறுத்துவிட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் கோலை ஊன்றி முன்னால் வீசி நடந்தார். பின்னால் வந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஊர் முன்னால் குட்டு உடைந்த அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா. நாளையிலேருந்து மறுபடியும் ஒக்கார வச்சு, 'நான்'னு சரியா சொல்லக் கத்துக்குடுத்துர்றேன்" என்றேன்.

அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணீர் தாரைதாரையாக வந்துகொண்டே இருந்தது.

"ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணு பண்ணும்மா!" என்று அவளை அதட்டினேன்.