புல்லுத் தரையில் அரை மணித்தியாலம்

ஞானாம்பிகை ரீச்சரைப் பற்றிச் சொல்லுமுன் நான் என் வாயைக் கழுவ வேண்டும். அந்த மனிசியை ஊர்க் கூட்டத்தில் வைத்து விசர் பிடித்தவர் என்று சொன்ன ஆள் நான்தான். சனசமூக நிலையத் தலைவர் கனகலிங்கம் சொன்னால் ஊர் கேட்கும் என்ற மிதப்பு அப்போது எனக்கு இருந்தது.

ரீச்சர் பிறந்தது அளவெட்டியில். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது, ஆனால் தொண்டை என்னவோ தவில். கலியாணம் கட்டிக் கரவெட்டிக்கு வந்து, பத்தொன்பது வருடமாக எங்கள் முன்பள்ளியை நடத்துகிறார். பிள்ளைகளை ஒரு முறை கூப்பிட்டால் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் கட்டியிருக்கிற மாடும் திரும்பிப் பார்க்கும். தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிற புருசன் சுபாஸ்கரன் வீட்டில் வாய் திறப்பதில்லை, திறந்தாலும் கேட்காது. ரீச்சரின் சைக்கிள் கூடையில் எந்நேரமும் ஒரு சின்னக் காற்சட்டை இருக்கும். நனைத்துக்கொள்கிற பிள்ளைக்கு மாற்றிவிட.

நாலு வருடத்துக்கு முன் ஊர் எல்லையில் ஆடைத் தொழிற்சாலை வந்தது. வேலை வந்தது நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தாய்மார் வருவது அதோடு நின்றுபோனது. போன வருடம் தாரிகா என்ற குஞ்சு முதலாவதாக ஓடி வந்தாள். முடிவுக் கோட்டில் பிடித்திருந்த நாடாவுக்கு முன்னால் நின்றாள். சனத்துக்குள் தாய் தர்சினியைத் தேடினாள். தர்சினி தையல் மெசினில் இருந்தாள். பிள்ளை அந்த இடத்திலேயே குந்திவிட்டாள், நாடாவைத் தாண்டவேயில்லை. அதற்குப் பிறகு எந்த ஓட்டத்துக்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "அம்மா வந்தால் ஓடுறன்."

இந்த வருடம் தொழிற்சாலையின் மனேஜர் செந்தூரன் என்னையும் ரீச்சரையும் கூப்பிட்டார். உடுவில் பெடியன், மரியாதையானவன். ஊருக்கு உதவி செய்ய நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம், போட்டிக்கு என்ன வேண்டுமென்றாலும் கேட்கலாமாம். நான் விடுவேனா? பெரிய பந்தல், இருநூறு கதிரை, கிண்ணங்கள், பாண்ட் வாத்தியம் என்று ஒரு முழக் கடுதாசியில் எழுதிக்கொண்டு போனேன். பிரதம விருந்தினர் கதிரையில் என்னை இருத்தியும் பார்த்துவிட்டேன், மனதுக்குள்.

ரீச்சர் கடுதாசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பந்தல் வேண்டாம் தம்பி. தாய்மாரைத் தாங்கோ."

மனேஜர் சிரித்தார். பிறகு ரீச்சரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "வேலை நாளிலை தையல் லைனை நிப்பாட்டேலாது ரீச்சர். கப்பலுக்குச் சரக்குப் போகவேணும். ஞாயிறும் ஓவர்ரைம்."

ரீச்சர் யன்னலால் எட்டிப் பார்த்தார். வாசலில் பச்சைப் பசேலென்று புல்லுத் தரை. மிதிக்க வேண்டாம் என்று பலகையும் நட்டிருந்தார்கள்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுறனீங்கள்?"

"அரை மணித்தியாலம்."

"அப்ப அந்த அரை மணித்தியாலமும் உந்தப் புல்லும் எனக்குப் போதும். போட்டியை இஞ்சை கொண்டு வாறன்."

"ஐயோ, புல்லுச் செத்துப்போம் ரீச்சர்!"

"புல்லு திரும்ப முளைக்கும் தம்பி. தாரிகா வாற தையிலை முதலாம் வகுப்புக்குப் போயிடுவாள்."

யாருடைய பிள்ளை தாரிகா என்று மனேஜர் கேட்டார். உங்களிட்டைத் தைக்கிற தர்சினியின் பிள்ளை என்று ரீச்சர் போன வருடக் கதையையும் சேர்த்துச் சொன்னார். மனேஜர் பேனையை உருட்டிவிட்டு, "ஓம், கொண்டு வாங்கோ" என்றார்.

வெளியே வந்ததும் எனக்குக் கொதி ஏறிவிட்டது. "விசரே உமக்கு? தேடி வந்த சீதேவியைக் காலாலை உதைச்சுப்போட்டு வாறீர்!" அன்று பின்னேரம் கூட்டத்திலும் அதையே சொன்னேன். ரீச்சர் எழும்பி ஒரு கேள்விதான் கேட்டார்: "பந்தலுக்குள்ளை ஆரை இருத்துவியள் அண்ணை?" சனம் கொல்லென்று சிரித்தது. நான் தண்ணீர் குடித்தேன்.

போட்டி நாள் வந்தது. சுபாஸ்கரன் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றி வந்தான். காவலாளி தம்பிஐயா கேற்றைத் திறந்துவிட்டு, பலகையைத் தானே பிடுங்கி மதிலில் சாத்தினார். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. தலையில் நூல் துண்டுகளோடு தாய்மார் பறந்து வந்தார்கள். ஒருத்தியும் சாப்பாட்டுப் பக்கம் போகவில்லை.

அவர்களைக் கண்டதும் பிள்ளைகள் வரிசையை விட்டு ஓடிப்போய் இடுப்பில் ஏறிவிட்டார்கள். எல்லாரையும் உரித்து எடுக்கப் பத்து நிமிடம் போனது! ரீச்சர் கத்திக் கத்திச் சிரிக்கிறார், மனேஜர் சிரிக்கிறார், எனக்கு வயிறு நோகிறது. பிறகு வாத்து மாதிரித் தாரா நடை, கயிற்றில் தொங்கும் பணிஸ் தின்னுதல், கரண்டியில் தேசிக்காய் வைத்துத் தாய்மாரின் ஓட்டம். கடைசியாகத் தாரிகாவின் ஓட்டம். பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தது.

நாலு வருடப் பழக்கம் அல்லவா? தாய்மாரின் கால்கள் தாமாகவே தொழிற்சாலைக் கதவுப் பக்கம் திரும்பின. தர்சினியின் கால்களும்தான். கோட்டில் நின்ற தாரிகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தர்சினீ! நில்லடி அங்கை!"

தொழிற்சாலை யன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று இன்றைக்கும் தம்பிஐயா சத்தியம் பண்ணுவார். ரீச்சர் மனேஜரிடம் திரும்பினார். "என்ன வேணும், என்ன வேணும் எண்டு கேட்டியள் தம்பி. இரண்டு நிமிசம் வேணும்."

மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். கட்டடத்தைப் பார்த்தார். "லைன் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாடாவின் ஒரு நுனியைத் தானே பிடித்தார். மற்ற நுனியை என் கையில் தந்தார்.

தாரிகா ஓடினாள் பாருங்கள்! எல்லாருக்கும் முன்னால் வந்தாள். வந்து, நாடாவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் தாண்டி நாடாவை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தர்சினி இரண்டு கையையும் நீட்டியபடி அங்கேயே நின்றாள்.

கடைசியாகத்தான் தாரிகா முடிவுக் கோட்டைத் தாண்டினாள். தாய் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன். தாரிகா மட்டும் அழவில்லை. தாயின் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்து எறிந்தாள்.

"நான் ஓடினதைப் பாத்தனீங்கள்தானே அம்மா? சரி, இனி வேலைக்குப் போங்கோ."